பல கைகள் நகர்த்தும் மரம்

லினக்ஸ் கெர்னலுக்குத் திருத்தம் அனுப்புகிறவர்கள் அதனோடு ஒரு சிறு விளக்கமும் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்பதற்குக் கெர்னலோடு வரும் ஆவணத்திலேயே விதி இருக்கிறது. ‘நான் இதை மாற்றினேன்’ என்று எழுதக் கூடாது. ‘இந்தத் திருத்தம் இதை மாற்றுகிறது’ என்றும் கூடாது. ‘இதை மாற்று’ என்று நிரலுக்கே கட்டளையிடுவதுபோல எழுத வேண்டும். செய்தவருக்கு அந்த வாக்கியத்தில் இடம் கிடையாது. அதே ஆவணத்தில் இன்னொரு விதியும் உண்டு. விளக்கத்தின் அடியில் ‘சைன்ட் ஆஃப் பை’ என்று போட்டுப் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதியே ஆக வேண்டும். பெயரில்லாமல் வரும் திருத்தம் எவ்வளவு நல்லதானாலும் உள்ளே போகாது.

இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து என்னைப் பல நாள் தொந்தரவு செய்தன. நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா பட்டுத்தறிக்காரர். தறி இருந்த கூடத்துக்கு மேலே கட்டிய அறையில் உட்கார்ந்து கெர்னலின் மெமரி பகுதியில் வேலை செய்கிறேன். சம்பளம் தருவது ஒரு சிப் நிறுவனம். லினக்ஸ் என்ற பெயரை முதலில் என் காதில் போட்டது எங்கள் ஊரின் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு. சாயங்காலம் கை ஒழிந்தால் தூப்புல் விளக்கொளிப் பெருமாள் கோயிலுக்குப் போவேன். 1268இல் வேதாந்த தேசிகர் அவதரித்த இடம் தூப்புல். அங்கே பெரியவர் ஒருவர் கீதைக்கு ராமானுஜர் செய்த பாஷ்யத்தைச் சொல்லிவருகிறார்.

பதினெட்டாம் அத்தியாயத்தில் தியாகம் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் ராமானுஜர் மூன்று விடுதல்களைச் சொல்கிறார். பலன் எனக்கு என்பதை விடுவது. செயல் என்னுடையது என்பதை விடுவது. செய்கிறவன் நான் என்பதை விடுவது. பலத் தியாகம், மமதா தியாகம், கர்த்ருத்வ தியாகம் என்று வைணவ வீடுகளில் சிறு பிள்ளைகளுக்கும் காதுப்பழக்கமான பெயர்கள். பெருமாளுக்கு மாலை கட்டினாலும் சரி, மண்டபம் பெருக்கினாலும் சரி, இம்மூன்றும் சேர்ந்தால்தான் அது கைங்கரியம்.

முதல் இரண்டும் எனக்கு விளங்கின. மூன்றாவதுதான் விளங்கவில்லை. ‘செய்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு வரியைக்கூட உள்ளே விடாத வேலையில், செய்கிறவள் நான் என்பதை எப்படி விடுவது? கையெழுத்துப் போடும்போதெல்லாம் நான் அந்தத் தியாகத்துக்கு எதிராக ஒன்றைச் செய்கிறேனா? இதை வீண் தர்க்கம் என்று சிலர் சொல்லக்கூடும். நாள் முழுதும் செய்கிற வேலை எனக்குச் சோறு போடுவது மட்டும்தானா, அதற்கு மேலும் ஏதாவதா என்பது இதில் அடங்கியிருக்கிறது. எனக்கு அது வீணில்லை.

கெர்னல் என்பது கணினியின் வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவே இருந்து எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரல். அதில் மெமரி பகுதியின் வேலை, யார் எவ்வளவு கேட்கிறார்கள், யாரிடம் எது இருக்கிறது, எதைத் திருப்பி வாங்கலாம் என்று கணக்கு வைப்பது. மெமரியை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட்டில் ஒரு பதிவு எழுதி வைத்திருக்கிறது. அறுபத்து நான்கில் ஒரு பங்கு மெமரி கணக்குப் புத்தகத்துக்கே போய்விடுகிறது. 8 ஜிபி உள்ள கைபேசியில் அது 128 எம்பி. அந்தப் பதிவில் 8 பைட்டைக் குறைக்க முடிந்தால் அதே கைபேசியில் 16 எம்பி மிச்சம். அந்த 8 பைட்டுக்காக மனிதர்கள் வருடக்கணக்கில் வாதாடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ரூபாயிலும் பதினைந்தாயிரம் ரூபாயிலும் வாங்கிய கருவிகளில் யாரோ ஒருவருக்கு ஒரு படம் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும். திறந்தவருக்கு ஏன் என்று தெரியாது.

சிறிய வேலையையே கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு டிரைவர். கருவி செருகப்பட்டதும் ஓடுகிற ஃபங்ஷன் முதலில் கொஞ்சம் மெமரி கேட்டு வாங்குகிறது. அடுத்து இன்டரப்டைப் பதிவுசெய்யப் போகிறது. பதிவாகாவிட்டால் பிழை எண்ணைச் சொல்லிவிட்டு வெளியேறிவிடுகிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த மெமரி இருக்கும் முகவரியை வைத்திருந்த மாறியும் ஃபங்ஷனோடு போய்விட்டது. இனி அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது; இயந்திரத்தை அணைக்கும்வரை யாருக்கும் உதவாது. சாதாரண நிரல் ஒன்று இப்படி விட்டுவிட்டால், அது முடியும்போது கெர்னல் எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொள்ளும். கெர்னலே விட்டுவிட்டால் வாரி எடுக்க மேலே ஆள் இல்லை.

திருத்தம் சின்னது. நேரே ‘ரிட்டர்ன்’ என்று இருந்த இடத்தில் ஒரு ‘கோட்டோ’. அது போய்ச் சேரும் இடத்தில் வாங்கியதை விடுவிக்கும் ஒரு ‘கேஃப்ரீ’. அவ்வளவுதான். ஆனால் இது உள்ளே போய்ச் சேர்ந்தபோது அடியில் இருந்த பெயர்களைப் பாருங்கள். கசிவைக் கண்டு சொன்னது ஒரு சோதனை நிரல். ‘ரிப்போர்ட்டட் பை’ என்று அதற்கு ஒரு வரி. அந்தக் கருவி என்னிடம் இல்லை; வைத்திருந்த ஒருவர் தன் மேசையில் ஓட்டிப் பார்த்தார்; ‘டெஸ்டட் பை’ என்று அவருக்கு ஒரு வரி. இன்னொருவர் வரி வரியாகப் படித்து, தாவிப் போகும் இடத்துக்கு நான் வைத்த பெயர் குழப்பமாக இருக்கிறது, மாற்று என்றார். மாற்றி மறுபடி அனுப்பினேன். ‘ரிவ்யூட் பை’ அவருடையது. அப்புறம் என் கையெழுத்து. அதன் கீழே அந்த டிரைவரைப் பராமரிக்கிறவரின் கையெழுத்து. இரண்டு வரித் திருத்தம், அதைவிட அதிகமாகப் பெயர்கள்.

தூப்புல் பெரியவரிடம் இதைத்தான் கொண்டுபோனேன். பாடம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு கேட்டேன்: “சுவாமி, பேர் போட்டுச் செய்கிற வேலை கைங்கரியம் ஆகுமா?”

“என்ன வேலையம்மா?”

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “பேர் போடாம விட்டா என்ன ஆகும்?”

“ஏத்துக்க மாட்டாங்க சுவாமி.”

“ஏன்?”

“நாளைக்கு அதனால ஏதாவது கெட்டுப்போனா யாரைக் கேக்கறதுன்னு தெரியணுமே.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இன்னும் பத்து சுலோகம் தள்ளி வாம்மா. நீ கேக்கறதுக்கு உடையவர் அங்க பதில் வெச்சிருக்கார்” என்றார். ராமானுஜரைத்தான் உடையவர் என்கிறார்.

அந்த இடத்தில் கீதை ஒரு செயலுக்கு ஐந்து காரணங்களைச் சொல்கிறது. செயல் நடக்கிற உடல், செய்கிற ஜீவன், கருவிகளான புலன்கள், பலவகையான பிராண இயக்கம், ஐந்தாவதாகத் தெய்வம். இப்படி இருக்க, தான் ஒருவனே செய்கிறவன் என்று பார்க்கிறவன் சரியாகப் பார்க்கவில்லை என்று கீதை முடிக்கிறது. ராமானுஜர் அந்த ஐந்தாவதைப் பரமாத்மா என்று கொண்டு, முதன்மையான காரணம் அவனே என்கிறார். உடனே தடை எழுகிறது. எல்லாம் அவன் கையில் என்றால் ‘இதைச் செய்’, ‘இதைச் செய்யாதே’ என்று சாத்திரம் ஜீவனுக்குச் சொல்வதில் என்ன பொருள்? தடையை ராமானுஜரே எழுப்பிக்கொண்டு பதில் சொல்கிறார். பகவான் கொடுத்த உடலோடும் ஆற்றலோடும் ஜீவன் தன் விருப்பத்தால் முயற்சியைத் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் பகவான் அனுமதி தந்து அதை நடத்துகிறான். அப்புறம் ஓர் உதாரணம் தருகிறார். பெரிய பாறையையோ மரத்தையோ பல பேர் சேர்ந்து நகர்த்துகிறார்கள். நகர்ந்ததற்குப் பல பேரும் காரணம். ஆனாலும் விதியும் விலக்கும் அவர்களில் ஒவ்வொருவருக்கும் பொருந்தும்.

நான் அந்த உதாரணத்தை முன்பும் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது என்னைப் பிடித்து நிறுத்தியது. பல பேர் செய்தது என்பதால் ஒருவனுடைய பொறுப்பு நூறாகப் பங்குபோட்டுக் கரைந்துவிடுவதில்லை. பொறுப்பு முழுதாக இருப்பதால், செய்தது அவன் ஒருவனே என்றும் ஆகிவிடுவதில்லை. இரண்டையும் ஒரே கையால் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் ராமானுஜர். இந்த ஊருக்குப் பக்கத்தில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் படித்தவர்; வரதராஜப் பெருமாளுக்குச் சாலைக்கிணற்றிலிருந்து தீர்த்தம் சுமந்தவர் என்று சம்பிரதாயம் சொல்கிறது. சுமந்த அந்தக் குடத்துக்கும் இந்தப் பாஷ்யத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஆக, கர்த்ருத்வ தியாகம் என்பது பெயரை அழித்துவிடுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது சரியாக வரவில்லை. பெயர்களின் வரிசையில் என் பெயர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் அது. அந்த வரிசையை ஐந்து காரணங்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்கச் சொல்லவில்லை. சாத்திரத்தை அப்படி வளைக்கக் கூடாது. ஆனாலும் கருவிக்குக்கூட ஒரு வரி ஒதுக்கும் வழக்கத்தைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கூகுள் நடத்தும் சிஸ்பாட், இன்டெல் நடத்தும் கெர்னல் டெஸ்ட் ரோபாட் என்று மனிதரல்லாத பெயர்கள் அங்கே சாதாரணமாக வருகின்றன. யோசனை மட்டும் சொன்னவருக்கு ‘சஜஸ்டட் பை’. தனியாக ஒருத்தி செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாதபடி எழுதி வைத்துவிடுகிறார்கள்.

கையெழுத்து விதி எப்போதும் இருந்ததில்லை. 2003இல் எஸ்சிஓ என்ற நிறுவனம், தனக்கு உரிமையான யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் வந்திருக்கிறது என்று ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. எந்த வரி யார் வழியாக, எந்த உரிமையோடு வந்தது என்று காட்ட வேண்டிய நிலை. 2004இல் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் இந்த முறையைக் கொண்டுவந்தார். இதைத் தர எனக்கு உரிமை உண்டு, இதற்கு நான் பதில் சொல்வேன் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். புகழுக்காக வந்தது அல்ல.

அதைவிட எனக்குப் பிடித்தது ‘ஃபிக்ஸஸ்’ வரி. பிழையைத் திருத்துகிறபோது, அந்தப் பிழை எந்த மாற்றத்தோடு உள்ளே வந்தது என்று தேடிக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அந்த மாற்றத்தின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகள், பிறகு அதன் தலைப்பு. எழுதியவர் பெயர் அந்த வரியில் வராது. திருத்தத்தை அவருக்கும் ஒரு படி அனுப்புகிறோம். பெரும்பாலும் அவரே வந்து பார்த்துச் சரி என்பார். குற்றத்தைச் செயலின் மேல் வைத்துவிட்டு, மனிதரைத் திருத்துகிற பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் நல்லவர்கள்.

எங்கள் வீட்டில் இது நேர்மாறாக நடந்தது. கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கு இரண்டு என்று மூன்று நாடா ஓட வேண்டும். அப்பா தறியில், அம்மா பக்கத்தில் கரை நாடா தள்ள. கரையும் உடலும் சேரும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், இழுத்தாலும் பிரியாது. சேலை கடைக்குப் போய்ப் பெட்டியில் ஏறும்போது அப்பா பெயரும் இருக்காது, அம்மா பெயரும் இருக்காது. இழை விட்டிருந்தாலோ கறை பட்டிருந்தாலோ மட்டும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பாஸ்புக்கில் கூலி குறைந்து வரும். அம்மா பெயர் அந்த பாஸ்புக்கிலும் இல்லை. அவர் தள்ளிய நாடாவுக்குக் கணக்கே இல்லை. பெயர் இல்லாமல் வேலை செய்வது உயர்ந்த நிலை என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வருகிறார். அவரும் விட்டுக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. விட்டுக்கொடுக்க அவர் கையில் எதுவும் தரப்படவே இல்லை. பெயர் எழுதப்பட்ட பிறகு அதன் மேலுள்ள பற்றை விடுவதைத்தான் தியாகம் என்று சொல்ல முடியும்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த கைலாசநாதர் கோயிலில், திருச்சுற்றில் உள்ள சிறு கோயில்கள் முழுக்க அவனுடைய பட்டப்பெயர்கள், 200க்கு மேல். மணற்கல்லைச் செதுக்கியவர்கள் பெயரை நான் அங்கே கண்டதில்லை. சில பத்தாண்டு கழித்துக் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் அந்தக் கோயிலின் செல்வத்தைக் கொள்ளையிடாமல் திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு அங்கே தூணில் இருக்கிறது. அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயில் நம் கைலாசநாதரின் சாயலில் எழுந்தது. அங்கே உள்ள கல்வெட்டு, கட்டிய தச்சர் குண்டன் என்றும் அவருக்குக் கிடைத்த பட்டம் திரிபுவனாச்சாரி என்றும் சொல்கிறது. குண்டனின் பெயர் கல்லில் இருப்பதால் அவர் செய்தது கைங்கரியம் இல்லை என்று ஆகிவிடுமா? பெயர் தெரியாத நம் ஊர்த் தச்சர்கள், பெயர் தெரியாததாலேயே அகந்தை இல்லாதவர்கள் ஆகிவிடுவார்களா? கல்லில் என்ன இருக்கிறது என்பது எழுதச் சொன்னவரின் வழக்கத்தைக் காட்டும். செதுக்கியவரின் மனத்தைக் காட்டாது.

கெர்னலுக்கும் இப்படி ஓர் அரசன் பெயர் உண்டு. மாற்றங்களைப் பதிந்து வைக்க இன்று நாங்கள் பயன்படுத்தும் கிட் களஞ்சியம் 2005 ஏப்ரலில் 2.6.12 பதிப்பின் ஒரு நிலையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரலாறு அதில் இல்லை. எந்த வரியை யார் எழுதியது என்று கிட்டிடம் கேட்டால், அதற்கு முன் எழுதப்பட்டு மாறாமல் இருக்கும் வரிக்கெல்லாம் லைனஸ் பெயரைத்தான் காட்டும். அவர் அதை உரிமை கொண்டாடவில்லை. இருந்தாலும் 1991இலிருந்து எழுதிக் கொடுத்த எத்தனையோ பேர் அந்த ஒரு பெயருக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் மார்க் ஹெமன்ட். ஒரே அளவுள்ள சிறு துண்டுகளை அடிக்கடி வாங்கி விடும் வேலைக்கு, முழுப் பக்கத்தை எடுத்து அதே அளவில் அறுத்து அடுக்கி வைத்துக்கொள்ளும் ‘ஸ்லாப்’ முறையை சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் 1994இல் விவரித்தார். அதை லினக்ஸுக்கு எழுதியவர் ஹெமன்ட், 1996-97இல். 2007இல் கிறிஸ்டோஃப் லமீட்டர் அதே வேலைக்கு இன்னும் எளிமையான ஒன்றை எழுதினார். பதினாறு வருடத்துக்கு மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 2024 மார்ச்சில் வந்த 6.8 பதிப்பில் பழைய கோப்பு முழுதாக நீக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் லினக்ஸில் இருந்த நிரல். நீக்கத்தைச் செய்தவர் விளாஸ்டிமில் பாப்கா. பல மாதம் முன்னாலேயே அறிவித்து, இதை இன்னும் நம்பியிருப்பவர் யாராவது உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார். அந்த நீக்கத்தைப் படித்தபோது ஒரு பெரியவருக்குக் காரியம் செய்வதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

மமதா தியாகம் இங்கே விருப்பத்தைப் பொறுத்ததில்லை; வேலையிலேயே கட்டப்பட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து போன ஒரு வேலையையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழுவாக ஓடும் நிரல்கள் இவ்வளவு மெமரிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு போடும் ஏற்பாடு 2008இல் 2.6.25 பதிப்பில் வந்தது. இன்று கன்டெய்னர்கள் ஓடும் ஒவ்வொரு சர்வரும் இதை நம்பியிருக்கிறது. எழுதியவர்களில் முதன்மையானவர் ஐபிஎம்மின் பால்பீர் சிங். அதன் சிக்கல்களைப் பற்றி அவரும் வைத்தியநாதன் சீனிவாசனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2007 ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டுத் தொகுப்பில் இருக்கிறது. மெம்கன்ட்ரோல் என்ற அந்தக் கோப்பைத் திறந்தால் தலைப்பில் கல்வெட்டுபோல அடுக்கடுக்காகப் பெயர்கள்: 2007இல் பால்பீர் சிங், பாவெல் எமெல்யானோவ், 2009இல் நோக்கியாவின் கிரில் ஷுட்டேமோவ், 2012இல் கிளாபர் கோஸ்டா, சுலைமான் சுஹ்லால், 2015இல் யோஹானஸ் வைனர், 2020இல் அலிபாபாவின் அலெக்ஸ் ஷி. முதலில் எழுதியபோது ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக ஒரு கூடுதல் பதிவேடு வைத்திருந்தார்கள். மெமரியைச் சிக்கனம் பண்ண வந்த ஏற்பாடே மெமரியைத் தின்றது. 3.19 பதிப்பில் வைனர் அந்தத் தனிப் பதிவேட்டையே எடுத்துவிட்டார். முதலில் கட்டியவர்களின் பெயர் மேலே இருக்கிறது. அவர்கள் கட்டியதில் ஒரு சுவர் இல்லை. இடித்தவர் பெயரும் அதே தலைப்பில் அவர்களுக்குக் கீழே இருக்கிறது. இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் எந்தப் பகையும் இல்லை.

பலன் என்று வந்தால் பெரியவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “சம்பளம் வாங்கறியேம்மா?” என்றார். கெர்னலுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில்தான் எழுதுகிறார்கள். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2,000 பேர், 10,000க்கு மேல் மாற்றங்கள். ஓய்வு நேரத்தில் செய்து முடிக்கிற அளவில்லை. நான் அவருக்குத் திருக்கச்சி நம்பிகளைச் சொன்னேன். பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்து வரதனுக்கு ஆலவட்டம் வீசியவர். வரதன் அவரோடு நேரில் பேசுவான். எனக்கு மோட்சம் உண்டா என்று நம்பி கேட்டபோது, நீ வீசினாய், அதற்கு நான் உன்னோடு பேசினேன், அந்தக் கணக்கு நேராகிவிட்டது, மோட்சத்துக்கு ஆசாரிய சம்பந்தம் வேண்டும் என்று பெருமாள் சொன்னதாக நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பெருமாளே கூலியைக் கூலியாகத் தீர்த்துவிட்டார். கூலி வாங்கியதால் நம்பியின் கைங்கரியம் குறைந்ததாக எந்த ஆசாரியரும் சொல்லவில்லை. என் சம்பளமும் மாதக் கடைசியில் தீர்ந்துபோகிற கணக்கு. பெயர் தெரியாத கைபேசியில் மிச்சமாகும் மெமரி அந்தக் கணக்கில் வராது. பெரியவர் தலையசைத்தார். “கூலி சரி” என்றார். “ஆனா கைங்கரியத்துக்கு ஒரு சுவாமி வேணும். உன் வேலைக்கு யார்?”

ராமானுஜருக்கு உலகம் முழுதும் பகவானுடைய சரீரம். அப்படியானால் யாருக்குச் செய்தாலும் அவனுக்குத்தான் போய்ச் சேருகிறது என்றேன். சொல்லும்போதே அது போதாது என்று எனக்குத் தெரிந்தது. கெர்னலின் உரிமம் யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுப்பதில்லை. ஆஸ்பத்திரிக் கருவியிலும் அது ஓடும், ஆயுதத்திலும் ஓடும், மனிதர்களை வேவு பார்க்கும் கேமராவிலும் ஓடும். அந்த 16 எம்பி எல்லாருக்கும் மிச்சம். இந்தத் திறந்த தன்மையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். பயன்படுத்துகிறவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எழுதுகிறவர் கையில் போனால் இந்தப் பெயர்வரிசையே உடைந்துவிடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கருவிக்காக மட்டும் வந்து கேட்கப்படும் வேலை வேறு. கண்காணிப்புக் கருவி செய்கிற ஓர் இடத்திலிருந்து, அதன் மெமரியைக் குறைத்துத் தரக் கேட்டு எனக்கு அழைப்பு வந்தது. நல்ல சம்பளம். மறுத்துவிட்டேன்.

பெரியவர் இதை ஏற்கவில்லை. “அவனுக்குச் சமர்ப்பிச்சாச்சுன்னா அப்புறம் இது எங்க போறது, யாருக்குப் போறதுன்னு பாக்கறதே மமதையோட மிச்சம்தான்” என்கிறார். பலனை விட்டவளுக்குப் பலனைப் பற்றிய கவலை எதற்கு என்று அவர் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரத்தைத் தள்ளுகிற ஒவ்வொருவருக்கும் விதியோடு விலக்கும் உண்டு என்று ராமானுஜரே சொல்கிறார். விலக்கப்பட்டதை விலக்க வேண்டுமானால், இந்த மரம் எந்தப் பக்கம் போகிறது, அங்கே யார் நிற்கிறார்கள் என்று தள்ளுமுன் பார்த்துத்தானே ஆக வேண்டும்? பலன் எனக்கு வேண்டாம் என்பது வேறு. பலன் யார் தலையில் விழுந்தாலும் எனக்கென்ன என்பது வேறு. கீதைப் பாஷ்யத்துக்குத் தேசிகர் எழுதிய தாத்பர்ய சந்திரிகை வீட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் பெரியவர் பாடம் முடித்ததும், அதில் இந்த இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்காரப் போகிறேன்.